பூட்டைப் பற்றி நீ கேட்டதற்கு

கிருஷ்ணகிரி,
10.8.2025

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் கேட்டது செய்தித்தாளைத்தான் என்று நீ எழுதியிருந்ததைக் கதிரின் அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். இங்கே மாங்கூழ் ஆலைகளில் இந்த ஆண்டு ஓட்டம் முடிந்துவிட்டது. ஆலைக் கணினிகளைப் பழுது பார்க்கும் வேலையும் அதோடு குறைந்துவிட்டதால், உன் கேள்விக்கு உட்கார்ந்து முழுதாகப் பதில் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்திருக்கிறது.

உங்கள் குழு மூன்று ஆண்டு உழைத்து முடித்திருக்கும் கணினி விளையாட்டுக்குக் கள்ளப்பிரதித் தடுப்புப் பூட்டு போடலாமா என்று அலுவலகத்தில் வாக்குவாதம் நடப்பதாகவும், நீ போட வேண்டும் என்ற கட்சியில் இருப்பதாகவும் எழுதி, "திருட்டு சிடி விற்றவன் நீ, உனக்குத் தெரிந்ததைச் சொல்" என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சொல்லில் எனக்கு வருத்தமில்லை. 2001 முதல் 2008 வரை தருமபுரியில் பென்னாகரம் சாலையில் நான் நடத்திய கடையின் வருமானத்தில் பாதிக்கு மேல் அதில்தான் வந்தது.

நாம் இருவரும் முதன்முதலாக ஒரு பூட்டின் முன் நின்றது உனக்கு நினைவிருக்கும். கணினி மையத்தில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டின் முதல் நிலையைக் கடந்ததும் ஓர் அறையில் எழுத்துகளும் குடுவைகளும் வரிசையாக இருக்கும். கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ, அந்த எழுத்துக்குரிய குடுவையைக் குடி என்று திரை சொல்லும். சரியானதைக் குடித்தால்தான் கதவு திறக்கும். கையேடு என்று ஒன்று உண்டு என்பதே நமக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ ஒரு நாற்பது பக்க நோட்டில் பக்கம், வரி, சொல், எழுத்து என்று நான்கு கட்டம் போட்டு, குருட்டாம்போக்கில் கிடைத்த விடைகளை எல்லாம் பென்சிலால் குறித்து வந்தாய். ஒரே மாதத்தில் அந்த நோட்டின் ஜெராக்ஸ் ஊரில் நான்கு மையங்களில் இருந்தது, பக்கத்துக்கு ஐம்பது பைசாவில். காசு சேர்த்து வாங்குவோம் என்று நாம் நினைத்திருந்தால்கூட, அந்தப் பெட்டி தருமபுரியில் எந்தக் கடையில் கிடைத்திருக்கும்?

கடை வைத்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வெற்று சிடித் தட்டுகளைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் நூறு நூறாக வாங்கி, ஓசூர் வழியாகப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். பதிவு செய்த தட்டு நாற்பது ரூபாய். அசல் பெட்டி ஆயிரத்துக்கு மேல்; என் கடையில் வேலை பார்த்த பையனுக்கு மாதச் சம்பளம் 1,200. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு பூட்டுகூட என் விற்பனையை நிறுத்தியதில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். சில விளையாட்டுகள் இரண்டு வாரம் தாமதமாக வந்தன, அவ்வளவுதான். என் கைக்கு வரும் தட்டிலேயே 'கிராக்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதிலுள்ள, பூட்டு உடைக்கப்பட்ட கோப்பை எடுத்து, விளையாட்டு நிறுவப்பட்ட இடத்தில் பழைய கோப்பின் மேல் ஒட்ட வேண்டும் என்பதை ஒரு துண்டுச்சீட்டில் தமிழில் எழுதித் தட்டோடு கொடுப்பேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் அந்தச் சீட்டைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். பூட்டைச் செய்வதற்கு அந்த நிறுவனம் எத்தனை மாதம் செலவழித்ததோ, என் வாடிக்கையாளர் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

பூட்டைப் பார்த்தவன் நான்தான், அதுவும் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஒரு முறை. 2004 தீபாவளிக்கு முன்பு பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் 1,299 ரூபாய் கொடுத்து ஒரு பந்தய விளையாட்டை அசலாக வாங்கினேன். அழுத்தமான அட்டைப் பெட்டி, வழவழப்பான கையேடு, தட்டின் விளிம்பில் வானவில் போல ஒரு முத்திரை. அந்தத் தட்டு டிரைவில் இருந்தால்தான் விளையாட்டு தொடங்கும். தினமும் எடுத்து எடுத்துப் போட்டதில் இரண்டாம் ஆண்டில் அடிப்பக்கம் மயிரிழைக் கீறல் விழுந்தது. டிரைவ் விர்ரென்று சுற்றி, திணறி, நின்றுவிடும். கீறல் விழும் முன்பே ஒரு நகல் எடுத்து வைக்க நான் முயன்றதுண்டு. பூட்டு அதற்கு விடவில்லை. விற்ற கடையில் கேட்டால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் என் கடையில் நானே விற்ற நாற்பது ரூபாய்த் தட்டிலிருந்து கிராக்கை எடுத்து ஒட்டித்தான் என் சொந்த விளையாட்டை நான் விளையாடினேன்.

பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, நம் நாட்டுச் சட்டம் என் பக்கம் இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ கெட்டாலோ உதவும்படி ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று சொன்னாலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் என்று ஒரு நிபந்தனையையும் வைக்கிறது. இந்த நிபந்தனையை எழுதியவர்களை நான் மனதார மதிக்கிறேன். நோக்கம் என்ன என்று சட்டம் நின்று கேட்கிறது. தட்டில் உள்ள பூட்டுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

என் அனுபவம் தனி ஒருவனுடையது என்று நீ தள்ளிவிடலாம் என்பதால், உலகறிந்தவற்றையும் சொல்கிறேன். 2008இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 விளையாட்டை இணையத்தில் தரவிறக்கமாக வாங்கியவர்களிடம், ஒரு பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, வந்த பிறகு, இல்லாத தட்டைப் போடச் சொல்லி அது கேட்டது. அதைச் சரிசெய்ய நிறுவனம் தந்த கோப்பு, ரீலோடட் என்ற கிராக் குழுவினர் செய்த கோப்புதான் என்று வாங்கியவர்களே கண்டுபிடித்தார்கள். பூட்டியவரே கள்ளச்சாவியைக் கடன் வாங்க நேர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2010இல் அதே நிறுவனம் அசாசின்ஸ் கிரீட் 2 விளையாட, தனியாளாக விளையாடினாலும் இணைய இணைப்பு இடைவிடாமல் வேண்டும் என்றது. மார்ச் மாதத்தில் அதன் சர்வர்கள் தாக்கப்பட்டபோது காசு கொடுத்தவர்கள் விளையாட முடியாமல் காத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் நம் ஊர் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். மின்சாரம் போனால் மோடமும் சேர்ந்து அணையும் வீட்டில், மடிக்கணினியில் மின்கலம் இருந்தும் அந்த விளையாட்டைத் தொட முடியாது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, பாதுகாப்புக்கு ஆபத்து என்று சேஃப்டிஸ்க் பூட்டுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. கணினியைக் காப்பாற்ற அது சரியான முடிவுதான். ஆனால் அந்தப் பூட்டு போட்ட அசல் தட்டுகள் அன்றோடு அப்படியே ஓடாமல் நின்றன.

இனி உன் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2006 என்று நினைவு. காவேரிப்பட்டணத்துப் பக்கம் ஓர் இளைஞர் மாங்காய் மண்டிக்கான கணக்கு மென்பொருள் ஒன்றைத் தனியாளாக எழுதியிருந்தார். கூடை, எடை, கழிவு, கமிஷன், வண்டி வாடகை எல்லாம் தமிழிலேயே வரும். விலை மூவாயிரம், சீரியல் எண் பூட்டு. ஒரு மண்டிக்காரர் கேட்டார் என்று அதை உடைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். ஒருநாள் மாலை அந்த இளைஞர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதியிருந்த மண்டிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, "இதெல்லாம் உங்ககிட்டதாங்களா வாங்கினாங்க?" என்று கேட்டார். ஏழு பெயர்கள். நான் கொடுத்தது பதினோரு மண்டிகளுக்கு. மீதி நான்கை நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் அந்த வேலையை விட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து ஊர்க்காரர் எழுதிய எதையும் நான் தொடவில்லை. ஆனால் விளையாட்டுத் தட்டுகளை மேலும் இரண்டு ஆண்டு விற்றேன், ஏனென்றால் அவற்றைச் செய்தவர்கள் எவரும் பென்னாகரம் சாலைக்கு வந்து தண்ணீர் கேட்கப் போவதில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது, உன்னைப் போன்றவர்கள் அந்த வேலையில் சேர்ந்து, அதில் எத்தனை பேருடைய தூக்கம் போகிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்திரேலியாவில் இரண்டு சகோதரர்கள் செய்த கேம் டெவ் டைக்கூன் 2013 ஏப்ரலில் வெளிவந்தபோது, முதல் நாளில் விளையாடியவர்களில் 3,104 பேர் கள்ளப்பிரதியிலும் 214 பேர் மட்டுமே காசு கொடுத்தும் விளையாடினார்கள். அது பூட்டில்லாமல், எட்டு டாலர் விலையில் விற்ற விளையாட்டு. ஆகவே பூட்டை எடுத்துவிட்டால் எல்லோரும் நேர்மையாக வாங்குவார்கள் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த 214 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேருந்துச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.

நீ குறிப்பிட்ட, டெனுவோ என்ற பூட்டைப் பற்றிய ஆய்வை நானும் கவனித்தேன். அந்தப் பூட்டு முதல் வாரத்திலேயே உடைந்தால் வருவாயில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு வரை போகிறது என்பதை நீ உன் வாதத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாய். அதே ஆய்வின் மறுபாதியையும் அலுவலகத்தில் படித்துக் காட்டு: 12 வாரங்களுக்குப் பிறகு உடைந்தால் இழப்பு ஏறக்குறைய ஏதுமில்லை. அப்படியானால் பதின்மூன்றாம் வாரத்திலிருந்து அந்தப் பூட்டு யாருக்காகத் தொங்குகிறது? 2016 மே மாதம் வந்த டூம் விளையாட்டிலிருந்து அதே ஆண்டு டிசம்பரில் டெனுவோவை எடுத்துவிட்டார்கள். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை.

என் மகன் கதிர் இப்போது விளையாட்டுகளைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான், நான் சொல்லி அல்ல. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் 2015இலிருந்து விலை ரூபாயில் இருக்கிறது. தள்ளுபடி நாளில் 249 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பிவிட்டு, பத்து நிமிடத்தில் விளையாடத் தொடங்கிவிடுகிறான். கிராக் தேடினால் வைரஸ் வரும், பேட்ச் வராது என்கிறான். ஸ்டீமை நடத்தும் கேப் நியூவெல், கள்ளப்பிரதி என்பது பெரும்பாலும் சேவைக் குறைபாடுதான், விலை காரணமில்லை என்று 2011இல் சொன்னார். நான் அதை முழுதாக ஏற்கமாட்டேன். 1,200 ரூபாய்ச் சம்பளக்காரனிடம் 1,299 ரூபாய்ப் பெட்டியை எவ்வளவு அழகாக விற்றாலும் அவன் வாங்க முடியாது. விலையும் இறங்கி, வாங்கும் வழியும் எளிதானதால்தான் கதிர் என் கடைக்கு வந்த பையன்களைப் போல ஆகவில்லை.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது இதுதான். பூட்டு போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் அதை எடுக்கும் தேதியை விற்பனைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லுங்கள். தனியாளாக விளையாடும் பகுதி இணையம் இல்லாமல் ஓடட்டும். இந்திய விலையை இந்தியாவின் சம்பளத்தைப் பார்த்து வையுங்கள். இவை மூன்றையும்விட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. 2014இல் வந்த தி க்ரூ விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதைக் கண்டு ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் ஐரோப்பிய மனு இந்த ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டிவிட்டது. உங்கள் சர்வரும் ஒருநாள் நிற்கும். அன்று வெளியிட வேண்டிய, பூட்டில்லாமல் ஓடும் ஒரு பதிப்பை இப்போதே செய்து எடுத்து வையுங்கள். பிறகு செய்யலாம் என்றால், செய்யத் தெரிந்தவர்கள் வேறு நிறுவனத்தில் இருப்பார்கள்.

அந்த 1,299 ரூபாய்த் தட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் காட்டப் பயன்படும் என்றால் எழுது, அடுத்த வாரம் பெங்களூர் வரும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பெட்டியோடு கொடுத்தனுப்புகிறேன். விளையாட்டு வெளிவரும் தேதியையும் தெரிவி. எனக்கு இலவசமாக, விளையாட்டைத் திறக்கும் சாவி எண் எதுவும் அனுப்பாதே. கதிர் ஒன்று, நான் ஒன்று, இரண்டும் காசு கொடுத்தே வாங்குவோம்.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
முருகேசன்