ஆடிப்பட்ட விதைப்பு: ஞாயிறு காலை மொட்டைமாடிக்கு வாருங்கள்

மாடித்தோட்டக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜூலை 19, ஞாயிறு காலை 6.30 மணிக்கு விதைக்கிறோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

1. காய்ப்பு ஓய்ந்த பைகளின் மண்ணைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கிவிட்டு, சனிக்கிழமைக்குள் வெயிலில் காயவையுங்கள்.

2. மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, தென்னைநார்க் கழிவு வாங்கியாகிவிட்டது. களைக்கொத்து, பூவாளி மட்டும் கொண்டுவாருங்கள்.

3. வெண்டை, அவரை, புடலை விதைகளை நேரடியாகப் பையில் ஊன்றுவோம். கத்தரி, தக்காளி, மிளகாய் முதலில் நாற்றுத் தட்டில்; 25 முதல் 30 நாளில் பிடுங்கி நடலாம்.

4. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். நேற்று மாலை மாடிக்குப் போனேன். தெற்கு மூலையில் வெண்டைக்காய்கள் விரல்நீளம் தாண்டி நார் பாய்ந்து நிற்கின்றன. பார்க்கவே மனம் வலித்தது. நுனியை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். பூ மலர்ந்த ஐந்தாறு நாளில் பறித்துவிடுங்கள். முற்றிய காய் செடியிலேயே நின்றால் அடுத்த காய்ப்பு குறைந்துவிடும். வெளியூர் செல்பவர்கள் பக்கத்து வீட்டாரிடம் பறிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வருபவர் எத்தனை பேர், எந்த விதை, எத்தனை பை என்று வியாழக்கிழமை இரவு 9 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள். அதன்படியே விதை பிரிப்பேன்.