தெற்குச் சுவர்

மஞ்சக்குப்பம், கடலூர்
கார்த்திகை 5

அன்புள்ள அமுதாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு புத்தகங்களும் வியாழக்கிழமை வந்தன. மழைக்குப் பயந்து தபால்காரர் உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரே தோட்டப் புத்தகம்தான், பிரிட்டனுக்கு ஒரு பதிப்பு, ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பதிப்பு. பார்சல் மேல் இருந்த அனுப்புநர் முகவரி புதிதாக இருந்தது. ஆபீஸ் முகவரியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

முப்பத்தைந்து வருஷம் அச்சாபீஸ் நடத்தியவன் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் படிக்கவா செய்வான், பிழைதான் தேடுவான். இரண்டையும் மேஜையில் அருகருகே விரித்து, ஸ்கேலை வரிவரியாக நகர்த்திப் பார்த்தேன். படங்கள் ஒன்றேதான். மார்ச்சில் தக்காளி விதைக்கச் சொன்னது ஆஸ்திரேலியப் பதிப்பில் செப்டம்பர் ஆகியிருக்கிறது. கருப்பு பிளேட்டை மட்டும் மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். நல்ல சிக்கனம். எழுத்தெல்லாம் கருப்பில் இருந்தால் மற்ற மூன்று கலரும் எல்லா நாட்டுக்கும் அப்படியே ஓடும். ஆனால் எட்டாம் பக்கத்தில் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் தலைப்பு வைத்திருக்கிறீர்களே, நாளைக்கு அதையே பிரெஞ்சில் போடச் சொன்னால் நாலு பிளேட்டும் புதிதாக எடுக்க வேண்டும். உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

தெருவில் எல்லாரிடமும் காட்டியாயிற்று. உங்கள் பிரிட்டனில் ஆபர்ஜின், அமெரிக்காவில் எக்பிளான்ட், இங்கே பிரிஞ்சால், எல்லாம் நம் கத்தரிக்காய்தான் என்று நானே எழுதியதுபோல் பீற்றிக்கொண்டேன். அமெரிக்கப் பதிப்பில் குளிரை வைத்து ஊரை 1 முதல் 13 வரை பிரித்திருப்பார்கள் என்று முன்பு சொன்னாய். நம் பலாமரத்தைச் சாய்த்தது குளிரா? 2011 தானே புயல். அந்த இடத்தில் நீ வைத்த கன்று இந்த வருஷம் பதினொரு காய் காய்த்தது. போன் செய்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 62-ஆம் பக்கம் பார். செடியைத் தெற்குப் பார்த்த சுவரோரம் வைத்தால் வெயில் நன்றாகக் கிடைக்கும் என்று இருக்கிறது. பிரிட்டனுக்குச் சரி. ஆஸ்திரேலியாவில் சூரியன் வடக்குப் பக்கமாக அல்லவா போகிறது? அங்கே தெற்குச் சுவரில் வைத்த செடி குளிர்காலம் முழுக்க நிழலில் கிடக்கும். மாசத்தைத் திருப்பினீர்கள், சூரியனைத் திருப்ப மறந்துவிட்டீர்கள். (நம் ஊரில் இரண்டும் உண்டு. ஆனி, ஆடி உச்சிவெயில் வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் தெற்கே.)

இது நீ விடுகிற பிழை இல்லை. எட்டாவது படிக்கும்போதே கல்யாணப் பத்திரிகையில் தேய்பிறைக்கு வளர்பிறை என்று இருந்ததைப் பிடித்து ஐந்நூறு கார்டைக் காப்பாற்றியவள். மனசு வேறெங்கோ இருந்தால்தான் உன் கண்ணுக்கு இது தப்பும். புரூப்பை ஒரு ராத்திரி ஆறப்போட்டு, காலையில் சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றில் படிக்காதே.

போன புத்தகத்தில் உன் பெயரோடு மாப்பிள்ளை பெயரும் இருந்தது. இதில் எஸ். அமுதா என்று இருக்கிறது. அச்சில் என் எழுத்தைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம்தான் பார்சல் முகவரி ஞாபகம் வந்தது. அம்மாவின் கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அவள் இன்னும் பார்க்கவில்லை.

பெரியப்பா பேத்திக்குக் காது குத்தினார்கள். கெடிலத்தில் தண்ணீர் போகிறது. நாற்பது நாளாக நீ போன் செய்யவில்லை. புரூப்பை மட்டும் ஆறப்போட்டுப் படி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் விடியற்காலை இரண்டு மணிக்குக் கூப்பிட்டாயே. "அப்பா, நான் அங்க வந்துடட்டுமா" என்றாய். ஹலோ, ஹலோ, மழையில் சிக்னல் இல்லை, கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். அடுத்த நாள் நீயும் ஒன்றுமில்லை என்றாய், நானும் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். கேட்டதம்மா. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மாடிப் போர்ஷனுக்குக் குடிவைத்து அட்வான்ஸ் வாங்கியிருந்தேன், சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன், இன்னும் என்னென்னவோ. பெற்றவன் பேசும் கணக்கா அது. அம்மாவிடம் ராங் நம்பர் என்றேன்.

மாடியில் இருந்தவர்கள் ஆவணியில் காலி செய்துவிட்டார்கள். யாருக்கும் விடவில்லை. தொட்டி வைக்கக் கேப்பர் மலைச் செம்மண் அரை வண்டி அடித்து மூடி வைத்திருக்கிறேன். மாடியில் வெயில் எந்தப் பக்கம் வரும் என்று உனக்குத் தெரியும்.

எங்களுக்கு ராத்திரி பத்து மணி என்றால் உனக்குச் சாயங்காலம் நாலரை. பத்துக்கு மேல் அம்மா தூங்கிவிடுவாள். நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா

62-ஆம் பக்கத்தை அடுத்த பதிப்பிலாவது திருத்தச் சொல்.