மகளுக்காக ஓடித் திரிஞ்ச எல்லாருக்கும் நன்றி

கரப்பான் (எக்ஸிமா) வந்து கஷ்டப்பட்ட மகள் இப்ப ராத்திரியில சொறியாம நித்திரை கொள்றா. பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுதேல்ல.

ஸ்கின் டொக்டர், கொட்டாஞ்சேனைப் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) ஐயா, மருந்துச் சரக்குக் கடையள் இருக்கிற கபோஸ் லேன்ல கஸ்தூரி மஞ்சளும் மரமஞ்சளும் நல்லதாப் பாத்துத் தந்த கடை நானா, சாமத்துல போன் எடுத்தாலும் கதைச்ச மச்சாள்மார், எல்லாருக்கும் கோடி நன்றி.

ஆனா நான் முக்கியமாச் சொல்ல வந்தது எங்கட ஃபிளாட் செக்யூரிட்டி ஐயாவைப் பத்தி. பூவரசம் பழுத்தல் இலையைச் சுட்டு அந்தச் சாம்பலைத் தேங்காயெண்ணெயில குழைச்சுப் பூசச் சொன்னவர் பரியாரியார், நீர் வடியுற இடத்துல வைக்கக்கூடாது, முதல் கையில கொஞ்சம் பூசிப் பாக்கோணும், டொக்டர்ட கிரீமை நிப்பாட்டவே கூடாது எண்டும் கண்டிப்பாச் சொன்னவர். டொக்டரிட்டயும் கேட்டுட்டுத்தான் தொடங்கினனாங்கள். ஊரில எண்டா வேலி முழுக்கப் பூவரசங் கதியால்தானே, ஆட்டுக்குக் குழை வெட்டின மரம், வெள்ளவத்தையில எங்க தேடுறது? கடற்கரை ரயில் பாதைப் பக்கம் நான் குனிஞ்சு இலை பொறுக்கினதை செக்யூரிட்டி ஐயா கண்டிருக்கிறார், ஒண்டும் கேக்கேல்ல, அடுத்த நாள் விடிய நைட் டியூட்டி முடிச்சுப் போகேக்க கேட்டில ஒரு பேக் தொங்குது. நல்ல மஞ்சள் இலையா, பூச்சி அரிச்சதெல்லாம் கழிச்சு, கழுவி, சாரத்துண்டால ஈரம் ஒத்தி வச்சிருந்தார். மகளுக்கு ஆறுமட்டும் அது நிக்கேல்ல. மழைக்கும் வந்தது. காசு குடுத்தா வாங்கமாட்டார், "துவட்ட தென் கொஹொமத?" (மகளுக்கு இப்ப எப்பிடி?) எண்டு சிங்களத்தில மட்டும் கேப்பார். அவர்ட அம்மாவும் பிள்ளையளுக்குச் சொறி வந்தா இந்த மரத்தைத்தான் தேடிப் போறவவாம்.

கிரீமும் இலையும் சேந்துதான் சுகமாக்கினது எண்டு நம்புறன். அந்த ஐயாட கையும் அதில இருக்கு, சத்தியமா.

ஒரு முடிவும் எடுத்திருக்கிறன். பரியாரியார்ட கைமுறையெல்லாத்தையும் அவரிட்ட அனுமதி கேட்டு, அளவோட ஒரு கொப்பியில எழுதப்போறன், அவருக்குப் பிறகு அந்த வீட்டில ஒருத்தரும் படிக்கேல்ல. பூவரசு தடி வெட்டி நட்டாலே தளிர்க்கும், ஃபிளாட் பின்பக்கம் ரெண்டு கதியால் ஊண்டக் கமிட்டியும் ஓம் எண்டிட்டுது. கரப்பானோட கஷ்டப்படுற பிள்ளையள் இருந்தா முதல் டொக்டரிட்டக் காட்டுங்கோ, பிறகு இலை வேணுமெண்டா என்னைக் கேளுங்கோ, நானே பொறுக்கித் தருவன்.