ரத்தக் கசிவின் அளவையாவது எழுதிக் கொடுங்கள்

அரசு மருத்துவமனைகளின் ஸ்கேன் பிரிவுகளையும் அவசரப் பிரிவுகளையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மூளைக்குள் ரத்தம் கசிந்து வருபவருக்கு முதல் சில மணி நேரம் என்ன பாடு என்பது உங்களுக்கே தெரியும். 1997-இல் வந்த ஆய்விலேயே, மூன்று மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு அடுத்த 20 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துப்போனது பதிவாகியிருக்கிறது. அப்படியிருக்க, எங்கள் பெரியம்மாவின் அறிக்கையில் இருந்தது ஒரே வரி: மூளையில் ரத்தக் கசிவு, மேல்சிகிச்சைக்கு அனுப்பவும்.

எவ்வளவு கசிவு? எழுதவில்லை. பெருகுமா? அதுவும் இல்லை. அந்த ஒரு வரியோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டியிருந்தும் வழி நெடுக அதைக் குறைக்க மருந்து ஏறவில்லை. ஏறும்போது என் பெயர் சொல்லித் தண்ணீர் கேட்டவர், பாதி வழியில் குழறினார், போய்ச் சேர்ந்தபோது கண்ணே திறக்கவில்லை. அங்கே மறுபடி ஸ்கேன் எடுத்த டாக்டர் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெள்ளையாகத் தெரிந்த ரத்தக்கட்டுக்குள்ளே கறுப்பாக ஒரு திட்டு. இன்னும் உறையாத ரத்தம் அப்படித் தெரியலாம், கசிவு பெருகக்கூடும் என்பதற்கு அது ஒரு அறிகுறி என்றார். முதல் படத்திலேயே இருந்திருக்கிறது!

இந்தக் குறி இருந்தும் பெருகாதவர்கள் உண்டு, இல்லாமலே பெருகியவர்களும் உண்டு, அதனால் பெரியம்மா பிழைத்து நடந்திருப்பார் என்று நான் வாதாடவில்லை. முதல் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டியில் தனியாக நின்ற இளம் டாக்டர் மேலும் எனக்குக் கோபமில்லை. படத்தைப் பார்த்துச் சொல்ல ரேடியாலஜிஸ்ட் ஒருவர் அவருக்குப் பின்னால் இல்லையே, அதுதான் வயிறு எரிகிறது.

நான் கேட்பது இதுதான். கசிவு எத்தனை மில்லி, பெருகும் அறிகுறி உண்டா இல்லையா, நோய் எப்போது தொடங்கியது, ஸ்கேன் எப்போது எடுத்தது, இவ்வளவும் ஒவ்வொரு அறிக்கையிலும் கட்டாயம் இருக்க வேண்டும். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிப் பாதியாக்கினால் அளவு ஏறக்குறைய வந்துவிடும், ஒரு நிமிட வேலை. வசதி உள்ள இடங்களில் சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாய் ஸ்கேனும் சேர்த்து எடுக்கலாம், கட்டுக்குள் புள்ளியாக மினுங்கும் கசிவைப் பற்றி 2007-லேயே டொராண்டோ டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். தெரிந்து என்ன பயன் என்று கேட்காதீர்கள். இந்தியாவும் இலங்கையும் பங்கெடுத்து 2023-இல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வில், ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவர முயன்று, சர்க்கரை, காய்ச்சலையும் கட்டுப்படுத்தி, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிட்ட மருந்தையும் முறித்தபோது கூடுதலானோர் தேறியிருக்கிறார்கள்.

ரிப்பன் வெட்டி மெஷின் திறக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லாமல் நாங்களே தள்ளுகிறோம், ஃபிலிமைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரைத் தேடி மாடி மாடியாக ஓடுகிறோம், போகிற இடத்துக்கு முன்கூட்டி ஒரு போன்கூடப் போவதில்லை. இதையெல்லாம் எத்தனை காலம் பொறுப்பது?

சரி, எல்லாவற்றையும் இன்றே கேட்கவில்லை. அளவும் அறிகுறியும் இல்லாத அறிக்கை வெளியே போகக் கூடாது, அதைப் போனில் போகிற இடத்து டாக்டரிடம் சொல்லாமல் நோயாளியை வண்டியில் ஏற்றக் கூடாது என்று தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ராத்திரி நேரத்துக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் குடும்பத்தில் ஒருவர்