மும்பை ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பு படிக்கிறேன். போன செமஸ்டர் முழுக்க லோயர் பரேலில் ஓர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். சம்பளம் கிடையாது. "இங்கே கத்துக்கிறதுதான் உனக்குச் சம்பளம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

கற்றுக்கொண்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். குளியலறைத் தளத்தை ஏன் தாழ்த்திப் போடுகிறார்கள், குழாய் எங்கே ஓடும், தண்ணீர் வடிய எந்தப் பக்கம் வாட்டம் வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் எத்தனையோ முறை கேட்டும் மண்டையில் ஏறவில்லை. சைட்டில் மேஸ்திரி பக்கத்தில் நின்ற ஒரே மதியத்தில் ஏறியது. ஆனால் மூன்றாவது மாதம் நான் வரைந்த குளியலறைப் படங்கள், சீனியர் இரண்டு இடத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தியதோடு சரி, அப்படியே சைட்டுக்குப் போயின. அந்த வேலைக்கு அலுவலகம் பில் போட்டிருக்கும் அல்லவா?

வேண்டாம் என்று ஒதுங்கவும் எங்களால் முடியாது. ஐந்து வருடப் படிப்பில் இந்தப் பயிற்சி கட்டாயம். பட்டம் வாங்கி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தால்தான் 1972ஆம் வருடச் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீடு ஒரே அறை. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தரையைத் துடைத்து, ஏ1 தாளை விரிப்பேன். நாலு மணிக்கு அப்பா இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றுவார். அதற்குள் தாளைச் சுருட்டிவிட வேண்டும், ஆவி பட்டால் நெளிந்துபோகும். அந்த இட்லி விற்ற காசில்தான் சயானிலிருந்து அலுவலகத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான கரி ரோட்டுக்கு ரயில் பாஸ் எடுத்தேன். அலுவலகத்துக்குச் செய்த கட்டட மாடலுக்கு வேண்டிய சன்போர்டு அட்டையும் ஃபெவிகால் பசையும்கூட அதே காசுதான்.

அப்பாவிடம் தொழில் பழக ஒரு பையன் வருகிறான். வாரக் கூலியை அவன் கையில் கொடுக்காமல் அப்பா ஒரு சனிக்கிழமையும் வீடு திரும்பியதில்லை.

ரயிலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக, கையில் கொஞ்சம் நிற்கிற தொகையாகக் கொடுங்கள். எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே எழுதிக் கொடுங்கள். மாடல் சாமான் செலவு அலுவலகத்தோடு போகட்டும். இல்லையென்றால் வீட்டில் வசதி இருக்கிற பிள்ளைகள் மட்டும்தான் உங்களிடம் வேலை பழக முடியும். அடுத்த செமஸ்டர் என் ஜூனியர்கள் போர்ட்ஃபோலியோவோடு உங்கள் வாசலுக்கு வருவார்கள். அவர்களிலிருந்தே தொடங்குங்கள்.