கர்ப்பிணியின் ரத்தமும் சிவப்பு எழுத்து அறிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பணியாற்றி ஓய்வு பெற்று, பட்டர்வொர்த்தில் வசிப்பவன் நான். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மருமகள், தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றின் அறிக்கையை அண்மையில் என்னிடம் நீட்டி, "மாமா, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமா?" என்று கேட்டாள். மலோண்டையால்டிஹைடு என்ற பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 'அதிகம்' என்றிருந்தது. அதற்குக் கீழேயே வைட்டமின் சி, ஈ மாத்திரைகளுக்கான பரிந்துரையும் இருந்தது.

உடலின் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றத்தால் சிதையும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்றுதான் மலோண்டையால்டிஹைடு. பிரீஎக்ளாம்ப்சியா எனும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் கண்ட பெண்களிடம் அதன் அளவு கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன என்பது உண்மைதான். ஆனால், பரவலாகக் கையாளப்படும் முறையில், மாதிரியுடன் தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி, தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தைத்தான் அளக்கிறோம். சர்க்கரையும், பித்த நிறமியான பிலிருபினும்கூட அந்த அளவைக் குழப்பிவிடும். ரத்தம் எடுத்தவுடன் குளிரில் வைத்து, விரைவில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்காவிட்டால் ஆக்சிஜனேற்றம் குழாய்க்குள்ளேயே தொடரும். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். என் மருமகளின் ரத்த மாதிரி இருந்த குழாயோ, பேரங்காடி முகாம் ஒன்றில் காலையில் எடுக்கப்பட்டு, மாலைவரை ஐஸ் இல்லாத பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்திருக்கிறது. நம் ஊர் வெயிலைச் சொல்லவும் வேண்டுமா?

அறிக்கையில் ஒப்பீட்டுக்கு அச்சிட்டிருந்த அளவு எல்லாப் பெரியவர்களுக்கும் பொதுவானது. கர்ப்பத்தில் ரத்தக் கொழுப்பு இயல்பாகவே உயர்வதால், வாரவாரியான அளவு இல்லாமல் 'அதிகம்' என்று முத்திரை குத்துவது பொறுப்பான செயலாகாது.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று பரிந்துரைக்கப்படும் மாத்திரைகளின் விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. பிரிட்டனில் நோய் அபாயம் மிகுந்த 2,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் சேர்த்தோ, வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. பிரீஎக்ளாம்ப்சியா குறையவில்லை, வைட்டமின் உண்ட தாய்மாரிடையே எடை குறைந்த குழந்தைகளே கூடுதலாகப் பிறந்தன.

நோய் இருக்குமோ என்ற ஐயம் எழும்போது மருத்துவர்கள் பார்க்கும் ரத்தப் பரிசோதனை வேறு. நஞ்சுக்கொடியோடு தொடர்புடைய இரு புரதங்களின் விகிதம் 38-ஐத் தாண்டாவிட்டால், அடுத்த ஒரு வாரத்திற்குள் அந்நோய் வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பது 2016-இல் வெளியான ஆய்வின் முடிவு.

ஆராய்ச்சிக்காக இப்பொருள்களை அளப்பதை நான் எதிர்க்கவில்லை. கர்ப்பிணிகளிடம் கட்டணம் வாங்கி அளப்போர், ரத்தம் எடுத்த நேரம், பிளாஸ்மா பிரித்த நேரம், கர்ப்ப வாரத்திற்குரிய அளவு ஆகிய மூன்றையும் அறிக்கையில் அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கம் இதை மகப்பேறு நிபுணர்களிடம் கேட்டு எழுதினால் நன்று.

மறுநாளே மருமகளை அரசு சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். தாதி ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்து, இரண்டும் சரியாக இருப்பதாகப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.