தொட்டிக்குப் பின்னால் ஒரு அறை வேண்டும், மலர்

அன்புள்ள மலருக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளானை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். மாடியில் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச் சுவரில் எட்டு அடி நீளத்துக்கு மீன் தொட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சென்னை கொளத்தூரில் மொட்டை மாடி சிமென்ட் தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நீ, சொந்த வீடு கட்டும்போது மீன் இல்லாமல் இருக்குமா. ஆனால் அந்தப் பிளானில் சோபாவில் உட்கார்ந்து மீன் பார்ப்பவர்களுக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள், தண்ணீர் மாற்றுகிறவள் நிற்க ஒரு அடி இடம் இல்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதை அப்படியே இன்ஜினியரிடம் காட்டு.

முதலில் எடை. எட்டு அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் 1,400 லிட்டர் தண்ணீர், அதாவது 1,400 கிலோ. அதோடு கண்ணாடி, அடியில் பரப்புகிற கிராவல் கல், அடியில் கட்டுகிற ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் இரண்டு டன் பக்கம் போய்விடும். வீட்டு மாடித் தளத்தை ஆளும் சாமானும் தாங்கச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் போடுவார்கள், இது அதைப் போல நாலு மடங்குக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரும், அதுவும் ராத்திரி பகலாக வருஷக்கணக்கில். மாடியில்தான் வேண்டும் என்றால் கான்கிரீட் போடுவதற்கு முன்பே அந்த இடத்துக்கு நேர் கீழே பீம் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் மாடியே வேண்டாம். கீழே ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே, அதுதான் சரியான இடம். ஹாலில் இருந்து பார்க்கலாம், ஸ்டோர் ரூமில் நின்று வேலை பார்க்கலாம். மேற்கு வெயிலும் அங்கே வராது, வெயில் விழுந்தால் கண்ணாடி முழுக்கப் பாசிதான்.

இரண்டு பக்கமும் கண்ணாடி என்பதையும் விட்டுவிடு. மீனுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு இருட்டு வேண்டும். இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசையில் ஆட்கள் என்று இருந்தால் அது எந்தப் பக்கம் ஒதுங்கும், நீயே சொல்.

இரண்டரை அடி உயரத்தை இரண்டு அடியாகக் குறைத்துக்கொள். தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளுகிற பலம் தொட்டி எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது இல்லை, உயரத்தைப் பொறுத்தது. இரண்டரை அடி நின்றால் முன் கண்ணாடி மேல் 700 கிலோ தள்ளும், இரண்டு அடி என்றால் 450 கிலோதான். அரை அடியில் எவ்வளவு வித்தியாசம் பார். உயரம் இரண்டரை என்றால் 19 எம்.எம். கண்ணாடி தேட வேண்டும், இரண்டு அடிக்கு 15 எம்.எம். போதும். 12 போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. பெர்லினில் 2022 டிசம்பரில் ஓட்டலுக்குள் இருந்த அந்தப் பெரிய தொட்டி வெடித்து பத்து லட்சம் லிட்டர் தண்ணீரும் தெருவரைக்கும் வந்ததை நீயும் பார்த்திருப்பாய். உன்னுடையது அவ்வளவு இல்லை, சரி, ஆனாலும் ஹாலில் பேத்தி தவழப் போகிறாள். உயரத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், உன் கை. இரண்டு அடி ஆழம் என்றால் விரல் கிராவலைத் தொடும். இரண்டரை என்றால் செத்த மீனை எடுக்கக்கூட வலையைக் கட்டி இறக்க வேண்டும்.

சுவர் தொட்டியைத் தாங்கக் கூடாது. இதைக் கொத்தனாரிடம் இரண்டு தடவை சொல். தொட்டி அதன் சொந்தக் காலில், ஸ்டோர் ரூம் பக்கம் நிற்க வேண்டும். செங்கல் சுவர் மூன்று எழுப்பி மேலே கான்கிரீட் பலகை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன் மேல் தெர்மாகோல் விரித்து, பிறகு தொட்டி. சுவரில் இருப்பது வெறும் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு, அதற்கு மேலே லிண்டல். திறப்பைக் கண்ணாடியை விடக் கொஞ்சம் சிறியதாக விட்டால் மேலே தண்ணீர் மட்டமும் கீழே கிராவல் விளிம்பும் ஹாலில் தெரியாது. சிமென்ட் வைத்து அடைக்கவே கூடாது, சுற்றி அரை அங்குலம் இடைவெளி விட்டு மர பீடிங்கால், அதாவது மெல்லிய மரச் சட்டத்தால் மறைக்கட்டும், நாளைக்கு ஒட்டு விட்டால் சுவரை இடிக்காமல் தொட்டியைப் பின்பக்கமாக எடுக்க முடிய வேண்டும். கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டே கால் அடி இருந்தால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் நேராக இருக்கும், குழந்தையும் நின்று பார்க்கும்.

அப்புறம் அந்தப் பின் அறை. தொட்டிக்குப் பின்னால் மூன்று அடியாவது சும்மா விடு, மேலே ஒன்றரை அடிக்கு எந்தப் பரணும் வேண்டாம், நிற்க ஒரு அடி உயரத்தில் ஒரு திண்டு. ஒரு குழாய். தரையில் ஜாலியோடு ஒரு வடிகால். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், இரண்டு அடித் தொட்டியில் அது 280 லிட்டர், பக்கெட்டில் தூக்கினால் இருபது நடை. முதல் மாதம் மாப்பிள்ளை தூக்குவார், இரண்டாவது மாதம் நீ தூக்குவாய், அப்புறம் தொட்டி பச்சையாகிவிடும். எத்தனை பேர் ஆசையாகக் கட்டிய தொட்டியை நம்மிடம் வந்து காலி பண்ணித் தரச் சொன்னார்கள், நீயே பார்த்திருக்கிறாய். ஹோஸ் போட்டுப் பழைய தண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டுவிடு, செடிக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. புதுத் தண்ணீருக்கு ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் தனியாக வை. கோயம்புத்தூரில் உங்களுக்கு வருவது சிறுவாணியோ பில்லூரோ, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மருந்து போட்டுப் போக்கிய பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றாதே, உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தால் பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டியிருக்கும். அந்த அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும், தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், காற்றுப் போக வழி இல்லையென்றால் மரமும் சுண்ணாம்பும் ஊறிப்போகும்.

பிளக் எல்லாம் தொட்டியின் விளிம்புக்கு மேலே, பக்கத்துச் சுவரில். ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மறுபடி மேலே ஏறிப் பிளக்குக்குப் போக வேண்டும், சொட்டு ஒழுகினாலும் அந்த வளைவில் விழுந்துவிடும். கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாமல் கையை உள்ளே விடவே விடாதே. ஏர் பம்பை இன்வெர்ட்டரில் கொடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்ட் போனபோது அப்பா ராத்திரி முழுக்க சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார், மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன. காற்று நின்றால் மீன் மட்டும் இல்லை, ஃபில்டரில் வளர்ந்திருக்கிற நல்ல கிருமிகளும் செத்துப்போகும்.

அந்தக் கிருமிகள் விஷயமும் உன் கிரகப்பிரவேசத் தேதியும்தான் எனக்குக் கவலை. தை மாதம் வைத்திருக்கிறாய், அன்றைக்கே தொட்டி நிறைய மீன் இருக்க வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. மீன் கழிவில் வரும் அமோனியாவை ஒரு வகைக் கிருமி நைட்ரைட்டாக மாற்றும், அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும், அவை ஊறி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீனை நிரப்பினால் அவை தன் கழிவிலேயே வெந்து சாகும். புது வீட்டில் பெயின்ட், பாலிஷ், தின்னர் வாடை வேறு, ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதும். அதனால் அன்றைக்குத் தண்ணீரும் செடியும் விளக்கும் மட்டும் இருக்கட்டும். வருகிறவர்கள் மீன் எங்கே என்று கேட்டால் மாசியில் வரும் என்று சொல்.

தொட்டியைக் கட்டி எடுத்து வர முடியாது, காலித் தொட்டியே 200 கிலோவுக்கு மேல் வரும். அந்த அறையிலேயே வைத்துக் கண்ணாடிகளை ஒட்டிப் பேஸ்டிங் பண்ணச் சொல். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் கூடாது, மீன் தொட்டிக்கென்று வருவதே வேண்டும். ஒரு வாரம் காயட்டும். அப்புறம் நிரப்பி இன்னொரு வாரம் ஒழுகுகிறதா பார்த்துவிட்டுத்தான் பீடிங் அடிக்க வேண்டும்.

மீன் என்ன விடலாம் என்று கேட்டாய். மாப்பிள்ளைக்கு அரோவானா ஆசை, வாஸ்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வளர வளர அதற்கு இரண்டரை அடி அகலம் நெருக்கடியாகிவிடும், மூடி இல்லாவிட்டால் எகிறிக் குதிக்கும். விரல் நீளத்தில் விற்கிற ரெட் டெயில் கேட்ஃபிஷ் பக்கமே போகாதே, மூன்று அடியைத் தாண்டும். எட்டு அடி நீளத்துக்கு நான் விடச் சொல்வது மிஸ் கேரளா. வெள்ளி உடம்பு, மூக்கிலிருந்து கண் வழியாக நடு உடம்பு வரை ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கீழே வால் வரை கறுப்புக் கோடு, வாலின் இரண்டு நுனியிலும் மஞ்சளும் கறுப்பும். உங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆறுகளில் ஓடுகிற மீன், கூட்டமாக ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய்வரும், அதற்கு நீளம்தான் வேண்டும், கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கோயம்புத்தூர் அதற்குத் தோது. ஆற்றில் பிடித்துப் பிடித்து அருகிப்போன இனம் அது, அதனால் தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்த்ததுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். அதை நானே விசாரித்து மாசியில் பஸ்ஸில் கொண்டு வருகிறேன்.

நீ இன்ஜினியரைப் பார்த்துக் கீழே மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டுவிடு. ஸ்டோர் ரூம் சுவர் எழும்புவதற்கு முன்னால் வடிகால் குழாய் புதைக்க வேண்டும், அது முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அம்மா